கனடா எக்ஸ்பிரஸ் என்ட்ரி: அரசின் இலவச சி.ஆர்.எஸ். கால்குலேட்டர் எப்படி?

எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்பது கனடாவில் நிரந்தரமாகக் குடியேற விரும்பும் திறன் பணியாளர்களைப் புள்ளி பார்த்துத் தேர்ந்தெடுக்கும் முறை; அந்தப் புள்ளிக் கணக்குதான் சி.ஆர்.எஸ். ஏஜென்ட்டுக்குப் பணம் கட்டும் முன் கனடா குடிவரவுத் துறையின் தளத்தில் இருக்கும் இந்தக் கால்குலேட்டரில் உங்கள் விவரங்களைப் போட்டுப் பாருங்கள். 2025 மார்ச் 25 முதல் வேலை ஆஃபருக்கு முன்பு கிடைத்துவந்த 50 அல்லது 200 புள்ளிகள் கிடையாது. சில பிரிவுகளில் அடிப்படைத் தகுதிக்கு மட்டும் ஆஃபர் இன்னும் உதவும். புள்ளி ஏறும் என்று சொல்லி ஆஃபர் லெட்டர் விற்பவர்களிடம் ஏமாறாதீர்கள்.

புள்ளி எங்கே ஏறும் என்பது இதில் தெளிவாகத் தெரிகிறது. திருமணமாகாதவர், முதுகலைப் பட்டம், கனடாவுக்கு வெளியே 3 ஆண்டு அனுபவம் என்று வைத்துக்கொள்வோம். கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் என்ற நான்கு மொழித்திறன்களிலும் சி.எல்.பி. (கனடாவின் மொழித்திறன் அளவுகோல்) 8-லிருந்து 9-க்குப் போனால் மொழிக்கு 32, படிப்பும் மொழியும் சேர்ந்ததற்கான சேர்க்கைப் புள்ளியில் 25, அனுபவமும் மொழியும் சேர்ந்ததற்கான சேர்க்கைப் புள்ளியில் 25, ஆக 82 கூடுகிறது. சி.எல்.பி. 9-க்கு ஐ.இ.எல்.டி.எஸ். ஜெனரல் ஆங்கிலத் தேர்வில் லிசனிங் 8, மற்ற மூன்றும் 7 வேண்டும். ரைட்டிங் மட்டும் 6.5-ல் நின்றாலே 58 போய்விடும். முழுச் சேர்க்கைப் புள்ளிக்கு நான்கிலும் சி.எல்.பி. 9 தேவை என்பதே காரணம். மறுதேர்வுக் கட்டணம் இங்கே வீண் செலவல்ல.

கால்குலேட்டரின் பெரிய குறை, நீங்கள் தட்டுவதை அப்படியே நம்பிக் கணக்குப் போடுகிறது. பணி விவரம், வார வேலை நேரம், சம்பளம் ஆகியவற்றைக் குறிப்பிடாத அனுபவக் கடிதம் பின்னால் விண்ணப்பத்தையே கவிழ்க்கலாம். விண்ணப்பிக்கச் சொல்லி அழைப்பு வந்தபின் இருப்பது 60 நாள்தான். கடிதங்களை முன்பே வாங்கி வையுங்கள்.