சின்னப் பிள்ளைகள் வரும் வீட்டுக்கு நுளம்பு வலையா, நுளம்புத்திரியா?

மார்கழி மழைக்குள் நண்பர்கள் கைக்குழந்தையோடு மட்டக்களப்புக்கு வருகிறார்கள் என்றால், முதலில் நுளம்பைத்தான் யோசிக்க வேண்டும். வாவிக்கரை வீடுகளுக்குச் சொல்லவே தேவையில்லை. வலை வாங்குவதா, திரி கொளுத்துவதா என்று பலரும் கேட்கிறார்கள்.

செலவு: திரி மலிவு, ஆனால் ஒவ்வொரு இரவும் எரிந்து தீரும்.
வலைக்கு முதலில் காசு போகும். கிழியாமல் பார்த்தால் பல வருடம் வரும்.

வசதி: திரிக்கு ஒரு தீக்குச்சி போதும்.
வலைக்கு ஆணியும் கயிறும் வேண்டும். குடைபோல விரியும் வலை என்றால் அதுவும் வேண்டாம்.

பாதுகாப்பு: இதில் எனக்குத் தயக்கமே இல்லை, வலைதான். திரி நிலத்தில் கனன்றுகொண்டிருக்கும். தவழும் பிள்ளையின் கை நேரே அந்தச் சிவந்த நுனிக்குத்தான் போகும். விழுந்த சாம்பலைத் தொட்டு வாயிலும் வைக்கும். பூட்டிய அறைக்குள் புகை வேறு. இழுப்பு உள்ள பிள்ளைக்கு அது கூடவே கூடாது. வலையிலும் ஒரு கவனம் வேண்டும்: பிள்ளையின் கால் வலையோடு ஒட்டிக் கிடந்தால் நுளம்பு வெளியே இருந்தே கடித்துவிடும். அகலமான வலையாக எடுத்து, ஓரத்தைப் பாய்க்கு அடியில் நன்றாகச் செருகுங்கள்.

இலங்கையில் மலேரியா ஒழிந்ததாக 2016இல் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. டெங்கு அப்படியில்லை, அந்த நுளம்பு பெரும்பாலும் பகலில்தான் கடிக்கும். அதனால் பகல் தூக்கத்துக்கும் வலைதான்.

பெரியவர்கள் விறாந்தையில் இருந்து கதைக்க மட்டும் திரி சரி, பிள்ளைகள் உள்ளே போனபிறகு. அப்புறம், அவர்கள் வருமுன் பூச்சாடித் தட்டு, சிரட்டை, பழைய டயர் எல்லாவற்றிலும் தேங்கிய தண்ணீரைக் கவிழ்த்துவிடுங்கள்.