கேப்ட்சாவைத் தாண்டிப் பழகியவன் எழுதுவது

எந்த இணையக் குழுவில் சேரப் போனாலும் நான் முதலில் தேடுவது, வாசலில் என்ன கேப்ட்சா, அதாவது வருவது மனிதனா எந்திரமா என்று பார்க்கும் சோதனை, வைத்திருக்கிறார்கள் என்பதைத்தான். எனக்குப் பார்வை கிடையாது. திரையில் உள்ளதைக் குரலில் படித்துக் காட்டும் என்விடிஏ என்ற திரைவாசிப்பான் மென்பொருள் சொல்வதைக் கேட்டுத்தான் கணினியில் வேலை. ஸ்பேமை, அதாவது வேண்டாத விளம்பரக் குப்பையை, தடுக்கும் வழிகள் பெரும்பாலானவற்றோடும் பல ஆண்டுகளாக மல்லுக்கட்டியாகிவிட்டது.

கோணல்மாணலான எழுத்துப் படத்தைத் திரைவாசிப்பான் படிக்காது, அவ்வளவுதான். ஆனால் செயற்கை நுண்ணறிவு அதை 99.8 சதவீதம் சரியாகப் படித்துவிடும் என்று 2014இல் கூகுளே அறிவித்தது. எந்திரம் உள்ளே, நான் வெளியே.

மாற்று வழியாக வந்த ஒலிச் சோதனைதான் அதிகம் படுத்தியது. இரைச்சலுக்கு நடுவே ஒரு குரல் ஆங்கிலச் சொற்களை உதிர்க்கும். கேட்டதைத் தட்டச்சு செய்தால், அழுத்தும் ஒவ்வொரு எழுத்தையும் திரைவாசிப்பான் உரக்கச் சொல்லி அடுத்த சொல்லை அமுக்கிவிடும். எழுத்தொலியை நிறுத்தினாலோ என்ன அடித்தேன் என்றே தெரியாது. மறுபடி மறுபடி கேட்டால், உங்கள் கணினியிலிருந்து தானியங்கிக் கோரிக்கைகள் வருவதாகச் சந்தேகம் என்று கதவைச் சாத்திவிடுவார்கள். இத்தனைக்கும், 2017இல் மேரிலாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு நிரலை எழுதி, கூகுளின் கேப்ட்சாவான ரீகேப்ட்சாவின் ஒலிச் சோதனையை 85 சதவீதம் முறியடித்தார்கள். பார்வையும் செவித்திறனும் இல்லாமல் பிரெய்லில் படிப்பவருக்குப் படமும் உதவாது, ஒலியும் உதவாது.

பொறிக்கட்டம் நல்ல யோசனை. படிவத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டம் இருக்கும். ஸ்பேம் நிரல் அதை நிரப்பி மாட்டிக்கொள்ளும். ஆனால் அதைத் திரைக்கு வெளியே தள்ளி மட்டும் ஒளித்தால், எனக்கு அது "இணைய முகவரி" என்று தெளிவாகக் கேட்கும். நானும் நிரப்புவேன், படிவம் காரணம் சொல்லாமல் காணாமல் போகும். பக்கத்தின் நிரலில் 'டிஸ்ப்ளே நன்' (display: none, காட்டாதே) என்று கொடுத்து மறைத்தால் திரைவாசிப்பானும் அதைத் தொடாது. "காலியாக விடவும்" என்று பெயரும் வைத்துவிட்டால் இன்னும் நல்லது.

மாற்றுத்திறனாளிகளும் இணையத்தைப் பயன்படுத்த வழிசெய்யும் நெறிமுறைகளில் 2023இல் வந்த டபிள்யூசிஏஜி 2.2, புதிரை விடுவித்தால்தான் உள்நுழையலாம் என்று ஆக்கக் கூடாது என்கிறது. ஆனால் அதன் மூன்று நிலைகளில் நடுவானதும் பலரும் இலக்காக வைப்பதுமான ஏஏ நிலையில், படத்தில் உள்ள பொருளை அடையாளம் காட்டும் சோதனைக்கு விலக்கு. யாருக்காக இந்த விலக்கு என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

என்னைத் தொல்லை செய்யாத குழுக்கள் வாசலில் சோதனையே வைக்காதவை. மின்னஞ்சலில் ஓர் உறுதிப்படுத்தல் இணைப்பு வரும். புதியவரின் முதல் சில பதிவுகளை, குழுவைக் கண்காணிக்கும் மட்டுறுத்துநர் பார்த்துவிட்டு வெளியிடுவார். அதுவரை பதிவில் வேறு தளத்துக்கான சுட்டி (லிங்க்) போட முடியாது. ஸ்பேம் போடுபவர்களில் பெரும்பாலோருக்கு வேண்டியதே அந்தச் சுட்டிதான். மட்டுறுத்துநருக்கு வேலை கூடும், உண்மை. இப்போது அந்த வேலை எங்கள் தலையில் அல்லவா கட்டப்பட்டிருக்கிறது?

கேப்ட்சாவை விடவே முடியாது என்பவர்கள் உதவி கேட்க ஒரு மின்னஞ்சல் முகவரியாவது கொடுங்கள். தொடர்புப் படிவம் என்ற பெயரில் அதற்கும் அதே கேப்ட்சாவைப் போட்டுவிடாதீர்கள்.