விளக்கா, கேமராவா, ரோந்து வண்டியா, தள்ளுவண்டியா?

ராத்திரி பத்து மணிக்குப் பஸ்ஸை விட்டு இறங்கி, உள்தெருவில் தனியாக நடந்து வீட்டுக்குப் போகிற பெண்ணுக்கு எது உதவும்? சென்னையில் குடியிருப்போர் சங்கங்களில் இந்தப் பேச்சு வந்தாலே முதலில் எழும் குரல் கேமரா. 'மூன்றாவது கண்' என்று 50 மீட்டருக்கு ஒன்று வைக்கச் சொல்லி போலீஸே தெருத்தெருவாக ஊக்கம் கொடுத்தது. செயின் பறித்தவனைப் பிடிக்க அது உதவுகிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் பறித்த பிறகுதானே? பைக்கை மெதுவாக உருட்டிக்கொண்டே பின்னால் வந்து பேச்சுக் கொடுப்பவனை அது ஒன்றும் செய்யாது. அதற்காக அந்தப் பெண் மறுநாள் ஸ்டேஷன் படி ஏறப் போவதுமில்லை.

தமிழ்நாட்டு போலீஸ் 2023-ல் அறிவித்த ஏற்பாடு நல்லது: இரவு 10 முதல் காலை 6 வரை 1091 அல்லது 112-க்கு அழைத்தால் ரோந்து வண்டியே வீட்டில் கொண்டுபோய் விடும். என்றைக்கோ ஒருநாள் மாட்டிக்கொண்டால் சரி. தினமும் ஷிப்ட் முடிந்து வரும் நர்ஸ் தினமும் போலீஸைக் கூப்பிட முடியுமா?

என் ஓட்டு விளக்குக்கு. நியூயார்க்கின் அரசுக் குடியிருப்புகளில் 2016-ல் கூடுதல் விளக்குக் கோபுரங்கள் வைத்துப் பார்த்தார்கள். வெளியிடங்களில் இரவில் நடக்கும் கடுங்குற்றங்கள் சுமார் 36 சதவீதம் குறைந்தன. நம் தெருக்களில் விளக்கு இல்லாமல் இல்லை. உயரத்தில் எல்இடி பளிச்சென்று எரிகிறது, அதன் கீழே தூங்குமூஞ்சி மரம் குடை விரித்திருக்கிறது. வெளிச்சம் இலைக்கு, நிழல் நடைபாதைக்கு. அந்த நடைபாதையிலும் பாதியை ஈபி பெட்டி அடைத்துக்கொள்ள, இருட்டில் ரோட்டில் இறங்கித்தான் நடக்க வேண்டும். கம்பத்தின் எண்ணைக் குறித்துக்கொண்டு 1913 என்ற எண்ணில் மாநகராட்சிக்குப் புகார் கொடுக்கலாம். எரியாத விளக்கை மட்டும் சொல்லாமல், கிளையைக் கழிக்கவும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

விளக்குக்கு அடுத்து, திறந்திருக்கும் கடை. எல்லாக் கடையும் அல்ல. சிகரெட் கும்பல் நிற்கும் டீக்கடையைக் கண்டதும் எதிர்சாரிக்கு மாறிவிடும் பெண்கள் உண்டு. அக்கா ஒருவர் தோசை ஊற்றும் தள்ளுவண்டி என்றால் கதையே வேறு. அங்கே நாலு பேர் சாப்பிட்டுக்கொண்டு நிற்பார்கள், அக்காவுக்குத் தெருவில் எல்லோரையும் தெரியும். 24 மணி நேரமும் கடை திறக்கலாம் என்று 2019-ல் வந்த அரசாணை பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் கடைகளுக்கானது. அக்காவிடம் இருப்பது ஒரு கையாள். பதினொன்று ஆனால் "மூடு, மூடு" என்று விரட்டுகிறார்கள். கேமரா கேட்டு மனு எழுதும் சங்கம், அந்த வண்டிக்குப் பன்னிரண்டு வரை அனுமதி கேட்டும் ஒன்று எழுதட்டும். பேப்பர் செலவுதான்.