அஞ்சு நிமிஷத்தில் சரி பண்ணித் தருகிறேன் என்றால் கத்தியைக் கொடுக்காதீர்கள்

பெங்களூரில் மடக்குக் கத்தி வாங்கும் எண்ணம் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். 3,200 ரூபாய் கொடுத்து வாங்கிய கத்தியை என் கையாலேயே கொண்டுபோய்க் கெடுத்துக்கொண்டு வந்த கதை. கத்தி எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை, அவர்கள் மேல் தப்பில்லை. கடை சிக்பேட்டைப் பக்கம், அது போதும்.

வாங்கிய அன்று ராத்திரி ஒரு ஆப்பிளை வெட்டினேன். வெட்டின முகம் வழவழவென்று இருக்க வேண்டும் இல்லையா? குறுக்கே மயிரிழை கனத்தில் ஒரு வரப்பு எழும்பி நின்றது. இன்னொரு துண்டு வெட்டினால் அதே இடத்தில் அதே வரப்பு. கத்தியின் வாயை மேலே பார்த்தபடி திருப்பி டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தேன். நுனியிலிருந்து ஒரு விரற்கடை தள்ளி ஒரு புள்ளி மட்டும் மினுக்கென்றது. கூரான வாய் வெளிச்சத்தைத் திருப்பிக் காட்டாது, கண்ணுக்குக் கருப்புக் கோடாகத்தான் தெரியும். மின்னுகிற இடம் மழுங்கியிருக்கும், அல்லது பல் விழுந்திருக்கும், அதாவது விளிம்பில் துளி உடைந்திருக்கும். என் கத்தியில் விழுந்திருந்த பல் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது.

உண்மையைச் சொன்னால் அது பெரிய குறையே இல்லை. ஆனால் புதுச் சாமான், காசு கொடுத்திருக்கிறோம், மாற்றித் தந்தால் முடிந்தது என்று மறுநாளே கிளம்பினேன். மெட்ரோவில் பையை ஸ்கேனரில் விடச் சொல்வார்கள், கத்தியோடு நின்று விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது என்று அல்சூரிலிருந்து பஸ்ஸில் போனேன்.

கடையில் முதலில் கன்னடத்தில்தான் பேச்சு ஓடியது. நடுவில் மனைவி போன் செய்ய, நான் தமிழில் பேசியதைக் கேட்டுவிட்டு முதலாளி முகம் மலர்ந்தார். "நம்மாளா நீங்க? முதல்லயே சொல்லக் கூடாதா சார்!" டீ வந்தது. சொந்த ஊர் எது என்ற விசாரணை நடந்தது. இந்த ஊரில் எத்தனை வருஷம் இருந்தாலும் கடையில் ஒரு தமிழ்க் குரல் கேட்டால் மனசு இளகிவிடுகிறது. அங்கேதான் கோட்டை விட்டேன்.

லென்ஸ் வைத்துப் பார்த்தார். "இதுக்குப் போய் யாராவது மாத்துவாங்களா? புது பீஸ் வரப் பதினஞ்சு நாள் ஆகும். அஞ்சு நிமிஷம் உட்காருங்க, நம்ம பையன் சரி பண்ணிடுவான்." நான் சரி என்று சொன்னேனா இல்லையா என்றே நினைவில்லை, கத்தி உள்ளே போய்விட்டது.

உள்ளே கிரைண்டர் ஓடியது. திரை விலகியபோது எட்டிப் பார்த்தேன். தண்ணீர் கிடையாது, ஒன்றும் கிடையாது, காய்ந்த சக்கரத்தில் வைத்து அழுத்துகிறான், பொறி பறக்கிறது. அப்போதே எழுந்து போய்ப் பிடுங்கியிருக்க வேண்டும். டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

பஃப் போட்டு, அதாவது துணிச் சக்கரத்தில் மெருகேற்றி, பளபளவென்று வந்தது. முதலாளி ஒரு தாளைப் பிடித்துச் சர்ரென்று வெட்டிக் காட்டினார். எனக்கும் சந்தோஷம்தான். வீட்டுக்கு வந்து அளந்தால் நுனியில் 3 மில்லிமீட்டர் குறைந்திருந்தது. ஒரு பக்கம் கண்ணாடி போலிருந்தது. மறு பக்கம், நுனியை ஒட்டி, மயில்கழுத்து நிறத்தில் ஒரு திட்டு. எண்ணெய்க் கறை என்று நினைத்துத் துணியால் துடைத்துக்கூடப் பார்த்தேன்.

என் மாமனார் ஹெச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலையில், கருவிகள் செய்யும் டூல் ரூமில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கத்தியை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கண்ணுக்கருகே வைத்துப் பார்த்தார்.

"மாப்பிள்ளை, இது சாணை பிடிச்சது இல்லை. சுட்டது."

விஷயம் இதுதான். எஃகைப் பழுக்கக் காய்ச்சி, சட்டென்று குளிரவைத்து, அப்புறம் குறைந்த சூட்டில் வைத்துப் பதம் ஏற்றுகிறார்கள். பதம் வைத்த அந்தச் சூட்டைத் தாண்டி மறுபடி சூடாக்கினால் எஃகு தன் கடினத்தை இழந்துவிடும். வாயும் நுனியும் மெல்லிசு, சூட்டை வாங்கிக்கொள்ள அங்கே கனம் இல்லை. அதனால் காய்ந்த சக்கரத்தில் சில விநாடி போதும். பிளேடின் நடுப்பகுதியைத் தொட்டால் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும், நுனி மட்டும் தீய்ந்திருக்கும். சாதாரணக் கார்பன் எஃகு 300 டிகிரி செல்சியஸ் பக்கம் நீலம் பாரிக்கும். என்னுடையது ஸ்டெயின்லெஸ். அதில் நீலம் வர இன்னும் ரொம்ப அதிகச் சூடு வேண்டும் என்றார் மாமா. நிறம் மேல்தோலில்தான் இருக்கும், பஃப் போட்டால் போய்விடும். ஆனால் உள்ளே எஃகு இழந்த பதம் திரும்பாது. பையன் ஒரு பக்கம் ஒழுங்காகப் பஃப் போட்டு, மறு பக்கத்தை அரைகுறையாக விட்டதால்தான் எனக்கே தெரிந்தது. முழுசாகப் போட்டிருந்தால் கத்தியே மட்டம் என்று கம்பெனியைத் திட்டிக்கொண்டிருப்பேன்.

அந்த வாரம் மூன்று அட்டைப்பெட்டி பிரித்தேன். நுனிப் பக்கத்து வாய் ஒரு பக்கமாக மடிந்துவிட்டது.

திரும்பக் கடைக்குப் போனால் இப்போது தமிழ் வரவில்லை. இந்தியும் கன்னடமும்தான் வந்தன. கிரைண்டிங் செய்த கத்தியைக் கம்பெனி வாரன்டியில் எடுக்காதாம். செய்தது நீங்கள்தானே என்றால், செய்யச் சொன்னது நீங்கள்தானே என்கிறார். முதல் நாள் இருந்த பல்லுக்குச் சாட்சியும் இல்லை, கிரைண்டரோடு அதுவும் போய்விட்டது. பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசு வைத்து ஒரு போட்டோ எடுத்திருந்தால் கதை வேறு.

பில் என்று என்னிடம் இருந்தது "எஸ்டிமேட்" என்று அச்சடித்த துண்டுச் சீட்டு, அதில் கடைப் பெயர்கூடக் கிடையாது. நல்லவேளை, ஜிபே-யில் பணம் கட்டியிருந்தேன். தேதியும் தொகையும் யாருக்குப் போனது என்பதும் அதில் இருந்தன. கையில் ரொக்கம் கொடுத்திருந்தால் அந்தக் கடைக்கு நான் போனதாகவே நிரூபிக்க முடியாது.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசிப் புகார் பதிந்தேன். அப்புறம் உட்கார்ந்து சட்டத்தைப் படித்தேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில் கொடுக்காமல் விற்பதே முறைகேடான வணிகம். குறையுள்ள பொருளைப் பில்லில் போட்டிருக்கும் கெடுவுக்குள், கெடு போடாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதும் அதே கணக்கு. "விற்ற பொருள் வாபஸ் இல்லை" என்ற போர்டுக்குக் கீழே உட்கார்ந்திருப்பவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குப் புகார்க் கட்டணமும் கிடையாது. இதையெல்லாம் ஒரு பக்கத்துக்கு எழுதி, நீலத் திட்டின் படத்தையும் ஜிபே ரசீதையும் இணைத்து, 15 நாள் கெடு வைத்து ஸ்பீட் போஸ்டில் அனுப்பினேன்.

இடையில் மாமா சும்மா இருக்கவில்லை. தொட்டியில் ஊறவைத்த கல்லை எடுத்து, வாயில் ஸ்கெட்ச் பேனாவால் மை தடவி, எங்கே மை அழிகிறது என்று பார்த்துப் பார்த்து, முதலில் 400 நம்பர் சொரசொரப்புக் கல், பிறகு 1000 நம்பர் மென்மையான கல் என்று இரண்டு சாயங்காலம் தேய்த்தார். தீய்ந்த பகுதி போகிற வரைக்கும் தேய்த்தால் உள்ளே நல்ல எஃகு கிடைக்கும் என்பது அவர் கணக்கு. முதல் நாள் இருந்த பல்லை இப்படித் தண்ணீரும் கல்லுமாக எடுக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று கேட்டேன். "அரை மணி நேரம்" என்றார், தலையைத் தூக்காமலே. கத்தி இப்போது இன்னும் குட்டையாகியிருக்கிறது, ஆனால் வெட்டுகிறது.

பன்னிரண்டாம் நாள் கடைக்காரர் போன் செய்தார். தமிழ் திரும்பி வந்திருந்தது. 2,000 ரூபாய் அனுப்பினார். மீதி 1,200-ஐ அடுத்த முறை ஏதாவது வாங்கும்போது கழித்துக்கொள்ளலாமாம், வந்தால் டீ குடித்துவிட்டுப் போகச் சொன்னார்.