சமையல் மேடைக்கு அடியில்: கடப்பாவா, பிளைவுட்டா, டபிள்யூபிசியா?

மாடுலர் கிச்சன் கொட்டேஷனில் மேடைக்குக் கீழே வரும் பெட்டிகள் எல்லாவற்றுக்கும் ஒரே பொருளைப் போட்டு, சதுர அடிக் கணக்கில் விலை எழுதியிருப்பார்கள். அவர்களுக்கு அது வசதி. ஆனால் பத்தடி மேடைக்குக் கீழே நான்கு அறைகள் இருந்தால், நான்கின் பாடும் வேறு வேறு. சிங்க் அடியில் ஓயாத ஈரம். சிலிண்டர் அறையில் முப்பது கிலோ இரும்பை உருட்டி உள்ளே தள்ளும் இடி. டிராயர் அறைக்கு மில்லிமீட்டர் துல்லியம் வேண்டும். அரிசி மூட்டை வைக்கும் அறைக்குத் தாங்கும் தரை இருந்தால் போதும். ஆகவே எந்தப் பொருள் உயர்ந்தது என்று பார்ப்பதைவிட, எந்த அறைக்கு எது என்று பார்ப்பதே பணத்தை மிச்சப்படுத்தும்.

கடப்பா

முக்கால் முதல் ஒரு அங்குலக் கனமுள்ள கடப்பாப் பலகைகளைச் செங்குத்தாக நிறுத்தி, குறுக்கே தட்டு வைத்து, மேலே கிரானைட் போடுவது நம் ஊர்க் கொத்தனார்களுக்குக் கைவந்த வேலை. தண்ணீர் பட்டால் ஊறி உப்பாது, கரையான் அரிக்காது, ஷட்டரோடு (அறைக் கதவோடு) சேர்த்துக் கணக்குப் பார்த்தாலும் பெரும்பாலும் இதுதான் மலிவு.

குறைகளும் உண்டு. கடப்பா சுண்ணாம்புக்கல் வகை; புளியோ எலுமிச்சையோ சிந்தினால் மெருகு போய் வெளிறிய தழும்பு விழும். இரண்டரை அடிக்கு மேல் இடைத்தாங்கல் இல்லாமல் விட்ட தட்டில் கனமான குக்கரைத் தொப்பென்று வைத்தால் விரியும், சில சமயம் உடையும். கறுப்புக் கல் என்பதால் உள்ளே வைத்த பாத்திரம் கண்ணுக்குத் தெரியாது. தட்டின் மேல் வெள்ளை விட்ரிஃபைட் டைல் ஒட்டிவிட்டால் பாதிக் குறை தீரும். கல்லும் சுவரும் சேரும் மூலைகளை ஒயிட் சிமெண்டிலோ எபாக்ஸியிலோ இடைவெளியில்லாமல் அடைக்காவிட்டால், கரப்பான் அங்கேயே குடும்பம் நடத்தும்.

பெரிய சிக்கல் துல்லியம். கொத்தனார் வேலையில் மேலே 600 மி.மீ., கீழே 594 மி.மீ. என்று வருவது சாதாரணம். கதவுக்கு இது பொருட்டில்லை. முன்விளிம்பில் அலுமினியம் அல்லது டபிள்யூபிசி (மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த பலகை) சட்டத்தை ஆங்கர் போட்டு நிறுத்தி, அதில் ஷட்டரைத் தொங்கவிடலாம். (துளைக்கும்போது டிரில்லின் ஹேமர் மோடை நிறுத்தச் சொல்லுங்கள், இல்லையென்றால் கல்லின் விளிம்பு பெயர்ந்து வரும்.) டிராயருக்கோ இந்த ஆறு மில்லிமீட்டர் மன்னிக்கவே முடியாதது. டிராயர் ஓடும் சாதாரண டெலஸ்கோப்பிக் சேனலுக்குப் பக்கத்துக்கு 13 மி.மீ. இடம் வேண்டும், அதாவது அறையின் உள்ளகலத்தைவிட டிராயர் 26 மி.மீ. குறைவாக இருக்க வேண்டும். பக்கங்கள் இணையாக இல்லாவிட்டால் முன்னே ஓடும் டிராயர் பின்னே போய் இறுகும், அல்லது பால்பேரிங் உதிரும். கடப்பா அறைக்குள் டிராயர் வேண்டுமென்றால், உள்ளே ஒரு பிளைவுட் பெட்டியைச் செருகிப் பேக்கிங் கொடுத்து நேர்ப்படுத்துவதே வழி. அப்படிச் செய்தால் கல்லுக்கும் பலகைக்கும் இரட்டைச் செலவு.

பிளைவுட்

டிராயர், பாஸ்கெட், புல்-அவுட் எல்லாவற்றுக்கும் 18 மி.மீ. பிளைவுட் பெட்டிதான் நம்பகமானது. ஸ்க்ரூவைப் பிடித்துக்கொள்வதில் இந்த வரிசையில் இதற்குத்தான் முதலிடம். ஒரு முறை கழற்றி மாட்டினாலும் பிடி தளராது.

ஆனால் "வாட்டர் ப்ரூஃப் பிளை" என்ற வாய்ச்சொல்லுக்கு மதிப்பில்லை. பலகையில் ஐஎஸ் 710 என்ற எண்ணும், ஐஎஸ்ஐ முத்திரையும், சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். 710 என்பது கொதிநீரில் 72 மணி நேரச் சோதனையைத் தாங்க வேண்டிய மரைன் தரம். எம்ஆர் (ஓரளவு ஈரம் தாங்கும்) தரம் அலமாரிக்கும் கட்டிலுக்கும் சரி, சமையலறைக்கு வேண்டாம். அறுத்த விளிம்பையும் பாருங்கள். உள் அடுக்குகளுக்கு நடுவே ஓட்டை தெரிந்தால், அந்த இடத்தில் விழும் கீல் ஸ்க்ரூ காற்றைத்தான் பிடிக்கும். ஐயம் இருந்தால் கைப்பிடி அளவுத் துண்டு ஒன்றைப் பானையில் போட்டுச் சில மணி நேரம் கொதிக்க வையுங்கள். அடுக்கு பிரிந்தால் பலகையைத் திருப்பி அனுப்புங்கள்.

நல்ல பலகையும் கெடுவது பெரும்பாலும் வேலையால்தான். வெளியே 1 மி.மீ. லேமினேட் ஒட்டிவிட்டு உள்பக்கம் பெயின்ட் அடித்து முடித்தால், ஷட்டர் ஒரு மழைக்காலத்திலேயே வில்லாக வளையும். உள்ளேயும் 0.8 மி.மீ. லேமினேட் ஒட்டி இருபுறமும் சமன் செய்ய வேண்டும். விளிம்பை மூடும் எட்ஜ் பேண்டை முன்விளிம்பில் மட்டும் ஒட்டி, கண்ணில் படாத கீழ்விளிம்பை விட்டுவிடுவது அடுத்த தவறு. தண்ணீர் ஏறுவதே அந்தக் கீழ்விளிம்பு வழியாகத்தான்.

பெட்டியைத் தரையில் நேராக உட்கார வைக்கக் கூடாது. 100 மி.மீ. பிவிசி கால்கள், முன்னால் கிளிப்பில் மாட்டும் ஸ்கர்ட்டிங். வாரம் ஒரு முறை வாளித் தண்ணீர் விட்டுக் கழுவும் வீட்டில் இது கட்டாயம். ஸ்கர்ட்டிங்கைச் சிலிக்கான் போட்டு ஒட்டிவிடாதீர்கள். கழற்றிப் பார்க்க முடிந்தால்தான் சுவரோரம் கரையான் மண்கோடு ஏறுகிறதா என்று தெரியும். கரையான் வருவது சுவர் வழியாக. மருந்தேற்றிய பிளைவுட் தாக்குப்பிடிக்கும் என்றாலும், தரைக்கும் சுவருக்கும் தனியாக மருந்து அடிப்பதைத் தவிர்க்க முடியாது.

எச்டிஎச்எம்ஆர்

மர நாரை இறுக்கி அழுத்திய கனமான பலகை; அதிக அடர்த்தி, அதிக ஈரத் தாங்குதிறன் என்பதன் ஆங்கிலச் சுருக்கமே பெயர். எட்டுக்கு நாலு அடி, 18 மி.மீ. என்று எடுத்தால் பிளைவுட் ஏறத்தாழ 35 கிலோ, இது 45 கிலோவைத் தொடும். இதன் பலம் சமதளம். பெயின்ட், மெம்ப்ரேன், அக்ரிலிக் பூச்சு எதுவானாலும் கண்ணாடி போல வரும்; உயரமான ஷட்டர் பிளைவுட் அளவுக்கு வளையாது. அதனால் பெட்டி பிளைவுட்டிலும் கதவு எச்டிஎச்எம்ஆரிலும் என்று பிரிப்பது புத்திசாலித்தனம். பெட்டிக்கே போட்டால் விளிம்பில் அடிக்கும் ஸ்க்ரூதான் தலைவலி: முன்துளை இல்லாமல் ஏற்றினால் பலகை பிளக்கும். இந்த வகைப் பலகைக்கென்றே வரும் தடித்த கன்ஃபர்மட் ஸ்க்ரூ கேளுங்கள். பெயரில் ஈரத் தாங்குதிறன் இருந்தாலும், பூசாத விளிம்பில் தண்ணீர் நின்றால் இதுவும் உப்பும். உப்பியது மறுபடி சுருங்காது.

டபிள்யூபிசி

இந்தப் பெயரில் கடைகளில் கிடைப்பதில் பெரும்பாலானவை பிவிசி நுரைப் பலகைகளே. தண்ணீரும் கரையானும் ஒன்றும் செய்யாது என்பது உண்மை. சூடு செய்யும். பிவிசி 80 டிகிரி செல்சியஸ் பக்கத்திலேயே இளக ஆரம்பிக்கும். ஓவனுக்குப் பக்கத்திலும், கிரில் ஆவி அடிக்கும் இடத்திலும் போட்ட ஷட்டர் பிதுங்குவது இதனால்தான். நான்கடிக்கு மேல் உயரமான கதவும் மூன்றடி நீளத் தட்டும் இதில் வேண்டாம், நாளடைவில் தொய்யும். நுரைப் பலகையில் ஸ்க்ரூ ஏறுவது சுலபம், நிற்பதுதான் கஷ்டம். பவர் டிரைவரில் முறுக்கினால் மரை அரைபடும், கையால் முடுக்கச் சொல்லுங்கள். கன சென்டிமீட்டருக்கு 0.6 கிராமுக்குக் குறைந்த அடர்த்தியில் கீல் நிற்காது. அடர்த்தியைக் கேட்டால் முழிக்கும் கடையில் வாங்காதீர்கள்.

அறை அறையாக

சிங்க் அடிக்குக் கடப்பா, அல்லது டபிள்யூபிசி பெட்டி. எப்படியும் ஒரு நாள் சிங்க்கின் வடிகால் வாயில் உள்ள வேஸ்ட் கப்ளிங் வாஷரோ, சிங்க்கும் கிரானைட்டும் சேரும் சிலிக்கானோ விட்டுப்போகும். பிளைவுட்தான் என்று முடிவானால், பின்பலகையை விட்டுவிட்டு அடியில் மடித்த அலுமினியத் தட்டு வையுங்கள்.

சிலிண்டர் அறையில் அடிப்பலகையே வேண்டாம், தரையிலேயே நிற்கட்டும். உருளையின் விட்டம் சுமார் 320 மி.மீ., திறப்பு 400-க்குக் குறையக் கூடாது. சமையல் வாயு காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோடு தங்கும். எனவே ஷட்டரின் கீழ்ப்பகுதியில் துவாரம் கட்டாயம். அழகுக்காக அதை மேலே வைப்பவர்களும் இருக்கிறார்கள்!

பாத்திரம் கழுவும் எந்திரம் வாங்கும் எண்ணம் இருந்தால் அதை இப்போதே கொத்தனாரிடம் சொல்லுங்கள். மேல்மூடியைக் கழற்றினால் பல மாடல்கள் 820 மி.மீ. உயரத்துக்கு இறங்கும், அகலம் 600. மேடை 34 அங்குலம் என்றால் 864 மி.மீ.; அதில் கடப்பாப் படுகையும் கிரானைட்டும் சேர்ந்து 40 மி.மீ. எடுத்துக்கொண்டால் மிச்சம் 824. நுழையலாம், தரை சற்றே மேடாக இருந்தால் நுழையாது. பழைய 32 அங்குல மேடையில் வாய்ப்பே இல்லை. 34 அங்குல மேடையில் இடம் பற்றாவிட்டால், எந்திரம் வரும் அறைக்கு மட்டும் கடப்பாப் படுகையைத் தவிர்த்து, 20 மி.மீ. கிரானைட்டை ஓரத் தாங்கலில் நிறுத்தலாம்.

அளவு எடுப்பது சுவர் டைல்ஸ் ஒட்டி முடிந்த பிறகுதான். பூச்சில் பத்தடி இருந்த சுவர், டைல்ஸும் கலவையும் ஏறிய பிறகு இரண்டு பக்கமும் சேர்த்து ஒன்றரை, இரண்டு அங்குலம் குறைந்திருக்கும். முன்கூட்டியே அறுத்து வந்த பெட்டி அங்கே நுழையாது; தச்சர் கடைசிப் பெட்டியின் பக்கத்தைச் சீவி உள்ளே தள்ளுவார். அந்தச் சீவிய விளிம்புக்கு எட்ஜ் பேண்ட் கிடையாது.