பழைய போட்டோ ஸ்கேன் பண்ண இவங்கள நம்பி குடுக்கலாம் – எங்க பர்மா தாத்தா ஆல்பம்

பழைய போட்டோவ சரி பண்ணித் தாங்கன்னு குடுத்தா இப்பல்லாம் ஏஐல போட்டு மூஞ்சிய பளபளன்னு ஆக்கி கைல குடுத்துடுறாங்க. அது பிடிக்காதவங்க இந்த ஸ்டூடியோவுக்கு வாங்க, அஞ்சு ஸ்டார் சும்மா குடுக்கல.

நான் குடுத்தது எங்க தாத்தாவோட ஆல்பம். அம்மாவ பெத்த அப்பா, எங்க அம்மா கைக்குழந்தையா இருக்கும்போதே தவறிட்டாரு, அதுக்கப்புறம் பாட்டிய கட்டிக்கிட்டவரு இவரு. எனக்கு தெரிஞ்ச ஒரே தாத்தா இவரு தான், என்னைய தூக்கி வளத்தவரு. 1964ல ரங்கூன்லேருந்து கப்பல்ல மெட்ராஸ் வந்து எறங்குன குடும்பம். பர்மால நெ வின்னோட ராணுவ ஆட்சில கடையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கிச்சு, அந்த வருஷம் மே மாசம் 50, 100 க்யாட் நோட்டு செல்லாதுன்னு வேற அறிவிச்சுட்டாங்க, கிளம்பும்போது நகை நட்டு பணம்னு எடுத்துட்டு வரவும் ஏகப்பட்ட கெடுபிடி. ட்ரங்க் பெட்டில துணிக்கு அடியில வந்து சேந்தது இந்த ஆல்பம். வியாசர்பாடில குடியேறி பின்னாடி பர்மா பஜார்ல கடை வச்சாரு. 1968ல ஆறு வயசு பொண்ணோட இருந்த எங்க பாட்டிய சுயமரியாதை கல்யாணம் பண்ணிக்கிட்டாரு, அந்த மாதிரி கல்யாணத்துக்கு இங்க சட்ட அங்கீகாரம் வந்ததே அந்த வருஷம் ஜனவரில தான். கல்யாண போட்டோல ஐயர் இல்ல, ஹோமம் இல்ல, ஒரு மேஜை, மைக், ரெண்டு மாலை, தாத்தா மடில அம்மா.

ரத்த சம்பந்தம் இல்லாததால எங்க யாரு மூஞ்சிலயும் அவரு சாயல் கிடையாது. மத்தவங்க வீட்ல பேரன் மூக்கப் பாத்து அப்படியே தாத்தா மூக்குன்னு சொல்லுவாங்க, எங்களுக்கு அந்த குடுப்பின இல்ல, அவர பாக்கணும்னா போட்டோவ தான் பாக்கணும். அதனால தான் அந்த மூஞ்சில யாராவது கை வச்சா எனக்கு அவ்ளோ கோவம் வருது.

கை வச்சாங்க. முன்னாடி வேற ஒரு எடத்துல ரங்கூன்ல எடுத்த குரூப் போட்டோவ குடுத்துருந்தேன், தாத்தா, அவரு அண்ணன் தம்பிங்க, அத்தை பாட்டிங்க, சின்னப் புள்ளைங்கன்னு மொத்த குடும்பமும் இருக்குற ஒரே போட்டோ அது. பொம்பளைங்க புள்ளைங்க கன்னத்துல எல்லாம் வெள்ளையா தனக்கா பூசியிருக்கும், பர்மால மரப்பட்டைய கல்லுல தண்ணி விட்டு ஒரச்சு மூஞ்சில தடவிக்குவாங்கல்ல அது. அத கறைன்னு நெனச்சு மொத்தமா அழிச்சுட்டாங்க. தாத்தாவுக்கு இடது இமை லேசா சரிஞ்சு இருக்கும், அதயும் வலது கண்ணுக்கு சமமா தூக்கி விட்டுட்டாங்க. அம்மா பிரிண்ட்ட வாங்கி பாத்துட்டு யாருடா இதுன்னு கேட்டாங்க.

இங்க நடந்தது வேற. ஸ்டூடியோ அண்ணன் அதே போட்டோவ கண்ணாடி லென்ஸ் வச்சு ரொம்ப நேரம் பாத்துட்டு, "கன்னத்துல இருக்குறது தனக்கா தானம்மா? நான் அத தொட மாட்டேன், இந்த மடிப்பு கோட்ட மட்டும் எடுத்துர்றேன்"னாரு. அம்மாவுக்கு அப்பவே கண்ணு கலங்கிருச்சு.

வேலையும் அப்படித்தான். ஈரத்துணி பக்கமே போகல, ரப்பர் பல்புல காத்தடிச்சு தூசிய ஊதி விட்டாரு. ஸ்கேன் எவ்ளோ நுணுக்கமா இருக்கணும்னு சொல்ற டிபிஐ அளவு போஸ்ட்கார்ட் சைஸுக்கு 600, பொடி போட்டோவுக்கு 1200, தரம் குறையாம வைக்க டிஃப் ஃபைல் தனியா, போன்ல அனுப்ப ஜேபெக் தனியா. பின்பக்கத்தயும் ஸ்கேன் பண்ணாரு, நான் கேக்கவே இல்ல. அங்க பர்மிய எழுத்துல ஸ்டூடியோ முத்திரையும் அதுக்கு கீழ தாத்தா கையெழுத்துல பெரியக்கா, சின்னக்கா, தம்பின்னு யாரு யாருன்னு வரிசையா எழுதியும் இருந்துச்சு. ஃப்ரேம் கண்ணாடில ஒட்டிக்கிட்ட ஒரு போட்டோவ நான் உரிக்கப் போனேன், கையப் புடிச்சு நிறுத்தி, உரிச்சா படம் கண்ணாடியோட போயிரும்னு கண்ணாடியோட சேத்தே ஸ்கேன் எடுத்தாரு. 80கள்ல எடுத்த கலர் போட்டோ எல்லாம் செவப்பா போயிருந்துச்சு, சயான்ங்கற நீலப்பச்சை சாயம் முதல்ல மங்கிடும் அதான் அப்படின்னு சொல்லி நிதானமா கலர மீட்டுக் குடுத்தாரு.

ஸ்கேன் எடுத்தத வீட்டு டிவில போட்டு பெருசு பண்ணி பாத்தப்ப தான் ஒண்ணு தெரிஞ்சுது. ரங்கூன் போட்டோல பெரிய அத்தை பாட்டி காதுல கனமான தோடு. மெட்ராஸ் வந்தப்புறம் எடுத்த போட்டோல அதே காது, ஓட்டை தூந்துடாம இருக்க வேப்பங்குச்சி சொருகி வச்சிருக்காங்க. இத்தன வருஷமா ஆல்பத்துல பாத்தப்ப அது என் கண்ணுல பட்டதே இல்ல. சின்ன தாத்தா மக, எங்க பெரியம்மா, அன்னிக்கு வீட்டுக்கு வந்துருந்தாங்க. அந்த தோட்ட விட்டுட்டு வந்தத பத்தி அத்தை கடைசி வரைக்கும் வாய தொறந்ததில்ல, ஆனா யாரு காதுல புதுத்தோடு பாத்தாலும் தொட்டுப் பாப்பாங்கன்னு சொன்னாங்க. அந்த அத்தையோட மக கல்யாணத்துக்கு தோடு வாங்கிக் குடுத்தது எங்க தாத்தா தானாம், இது எங்க அம்மாவுக்கே தெரியாது. பெரியம்மாவுக்கு ஒரு செட் பென்டிரைவ்ல போட்டுக் குடுத்துட்டேன்.

குறைன்னா, அவசரத்துக்கு ஆகாது, ஒரே ஆளு எல்லாத்தயும் பண்றாரு, சொன்ன தேதிக்கு மேல கொஞ்சம் நாள் ஆகும். மாடிப்படி செங்குத்தா இருக்கு, வயசானவங்கள கூட்டிட்டு போனா கைப்பிடிச்சு ஏத்தணும். ரேட்டு மத்த எடத்த விட கூட தான், எனக்கு அது பெருசா தெரியல.

போறவங்க போட்டோவ ஆல்பத்துலேருந்து பிரிக்காம அப்படியே கொண்டு போங்க, ஒட்டுற ஆல்பமா இருந்தா அவரே நூல விட்டு பதமா எடுத்துக்குவாரு. பின்பக்கத்தயும் ஸ்கேன் பண்ணச் சொல்லுங்க. முடிஞ்சா வீட்ல பெரியவங்க ஒருத்தர கூட கூட்டிட்டு போங்க, எது கறை எது இல்லன்னு அவர் ஒவ்வொண்ணா கேப்பாரு, நமக்கு பதில் தெரியாது.