வானிலையை நிபந்தனையாக்கும் ஆங்கிலத் தொடர்கள்: எது எங்கே பொருந்தும்?

திறந்தவெளியில் நடக்கவிருக்கும் நிகழ்ச்சிக்கு ஆங்கிலத்தில் அறிவிப்பு எழுதுபவருக்கு முதலில் நினைவுக்கு வருபவை ‘வெதர் பெர்மிட்டிங்’, ‘இஃப் த வெதர் பெர்மிட்ஸ்’ ஆகிய இரண்டு தொடர்கள். இரண்டுக்கும் ‘வானிலை இடம்தந்தால்’ என்பதே பொருள்; அதில் இவற்றுக்குள் வேறுபாடு இல்லை. முன்னது வினைமுற்று இல்லாதது. முதன்மை வாக்கியத்தின் எழுவாயோடு ஒட்டாமல் தனித்து நிற்பதால் அதைக் காற்புள்ளியிட்டுப் பிரிக்க வேண்டும். சுருக்கமாக இருப்பதால் அறிவிப்புப் பலகைக்கும் அழைப்பிதழுக்கும் அதுவே ஏற்றது. முழுத் துணைவாக்கியமான பின்னது கடிதத்தில் இயல்பாக அமையும். ஆனால் நாளைய வானிலையைப் பற்றிப் பேசினாலும் அதில் ‘வில்’ சேர்க்காமல் நிகழ்கால வினையையே எழுத வேண்டும்.

வானிலை ஒத்துழைக்காவிட்டால் நிகழ்ச்சி தள்ளிப்போகுமா, ரத்தாகுமா, உள்ளரங்குக்கு மாறுமா என்பதை இவ்விரண்டுமே சொல்வதில்லை. ‘இன் த ஈவென்ட் ஆஃப் ரெயின்’ (மழை பெய்தால்) என்று தொடங்கினாலோ, மாற்று ஏற்பாட்டைச் சொல்லாமல் வாக்கியத்தை முடிக்கவே இயலாது. நடை சற்று விறைப்பானதுதான். ஆயினும் பொது அறிவிப்புக்கு நான் அதையே பரிந்துரைப்பேன். ‘ஷுட் இட் ரெயின்’ என்பதும் அதே பணியைச் செய்யும், சற்றே பழைய மிடுக்கோடு.

அதிகம் தடுமாற வைப்பது ‘இன் கேஸ்’. ‘இஃப் இட் ரெயின்ஸ்’ என்றால் மழை பெய்தால் மட்டும் செய்ய வேண்டியது. ‘இன் கேஸ் இட் ரெயின்ஸ்’ என்றால் மழை வரக்கூடும் என்பதால் இப்போதே செய்துவைக்க வேண்டியது. குடை எடுத்துச் செல்லச் சொல்லும்போது முன்னதைப் பயன்படுத்தினால், மழை தொடங்கும்வரை குடை வீட்டிலேயே இருக்கலாம் என்றாகிவிடும். பிரிட்டிஷ் வழக்கு இந்த வேறுபாட்டைப் பெரும்பாலும் காக்கிறது. அமெரிக்க வழக்கில் ‘இன் கேஸ்’ சில வேளைகளில் ‘இஃப்’ என்ற பொருளிலும் வரும். ஆனால் ‘இன் கேஸ் ஆஃப் ரெயின்’ என்று ‘ஆஃப்’ சேர்ந்துவிட்டால், அறிவிப்புகளில் அதன் பொருள் பொதுவாக ‘மழை பெய்தால்’ என்பதே. ‘அன்லெஸ்’ தன்னுள்ளேயே எதிர்மறையைக் கொண்டிருப்பதால், மழை பெய்யாவிட்டால் என்று சொல்ல அதனுடன் ‘நாட்’ சேர்ப்பது பொருளைத் தலைகீழாக்கிவிடும்.

ஒப்பந்தங்களில் இந்தத் தொடர்களின் எடை கூடுகிறது. சரக்குக் கப்பல் வாடகை ஒப்பந்தத்தில் ‘வெதர் பெர்மிட்டிங்’ என்றிருந்தால், சரக்கை ஏற்றவோ இறக்கவோ வானிலை இடம்தராத நேரம் அதற்கென ஒதுக்கிய காலத்தின் கணக்கில் சேராது. மழையை மட்டும் குறிப்பிடும் தொடரை அங்கே எழுதினால் பலத்த காற்றும் உயர்ந்த அலையும் அதற்கு வெளியே நின்றுவிடும்.